கிரைண்டருக்கு எது, கைக்கு எது?

வீட்டில் வைஃபை நின்றால் பிள்ளைகள் போடும் சத்தம் எல்லாருக்கும் தெரியும். அந்த வைஃபையின் வேர்களில் ஒன்று நம்ம சிட்னியில்தான் இருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலைகள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க ஒரு வழி கண்டு, 1992-இல் காப்புரிமை கேட்டது சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் ஜான் ஓ'சல்லிவன் குழு. 1997-இல் மக்குவாரி பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்கெல்லர்னும் நீல் வெஸ்டும் ரேடியாட்டா என்ற கம்பெனி தொடங்கி, இந்த வேகமான வைஃபையைச் சிப்பாக்க இறங்கினார்கள். 2000-இல் சிஸ்கோ அதை வாங்குவதாக அறிவித்தது.

இப்படிச் சிப் செய்பவர்களுக்கு முதல் கேள்வியே இதுதான்: புரோகிராமில் எந்தத் துண்டு சர்க்யூட் ஆகணும், எது சாஃப்ட்வேராகவே இருக்கணும்? மாவரைக்க கிரைண்டர், தாளிக்க கை. கிரைண்டர் வேகம்தான், ஆனா அதுக்கு அரைக்க மட்டும்தான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 802.11ஏ வைஃபையில் 4 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை 64 புள்ளி ஃபூரியர் மாற்றம் நடக்கணும். சாதாரண முறையில் அது 192 படிகள், படிக்குச் சுமார் 10 கூட்டல் பெருக்கல். ஏறக்குறைய 1,900. ஒரு 200 மெகாஹெர்ட்ஸ் புராசஸருக்கு அந்த நேரத்தில் கிடைப்பது 800 துடிப்பு. துடிப்புக்கு ஒரு கணக்கு என்றால் எப்படி முடியும்? ஆக, அது கிரைண்டர் வேலை. பாஸ்வேர்ட் சரியா, எந்த சேனல் என்பதெல்லாம் எப்போதாவது வருவது, நாளைக்கு மாறக்கூடியது. அது சாஃப்ட்வேரில் இருக்கட்டும். சாஃப்ட்வேரில் தப்பு வந்தால் ஒரு அப்டேட் போதும். சிலிக்கனில் பதிந்துவிட்டால் புதுச் சிப்தான்.

இன்றைக்கு சி++ கொடுத்தால் சர்க்யூட்டாக்கித் தரும் டூல்கள் உண்டு. ஃபங்ஷன்களைத் தனித்தனி மாட்யூலாக அவையே பிரிக்கும். சாஃப்ட்வேரில் ஒரு ஃபங்ஷனைப் பத்து இடத்தில் கூப்பிடுவது பெரிய செலவில்லை. சிப்பில் பத்துப் பிரதி வைத்தால் இடம் போச்சு; ஒன்றையே பகிர்ந்தால் வரிசையில் நிற்கணும். தன்னையே கூப்பிடும் ஃபங்ஷனைப் பெரும்பாலான டூல்கள் ஏற்காது, ஓடும்போது சர்க்யூட் புதுசா முளைக்காதே! துண்டுகளுக்கு நடுவே டேட்டா போய்வரவும் நேரமாகும். கிரைண்டர் பக்கத்துத் தெருவில் இருந்தால், ஒரு கைப்பிடி அரிசியை அம்மியிலேயே அரைத்துவிடலாம்.

"ஏஐயே கோட் எழுதுதே, பிள்ளைக்கு எதுக்கு கோடிங்?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை ஸ்க்ராட்சில் செய்த கேமைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த பிளாக் ஓயாமல் ஓடுது, எது ஒரே ஒரு தடவை ஓடுது என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் அவங்க வெட்டத் தொடங்கியாச்சு.