கேமரன் மலை ரோஜா கிள்ளானில் ஏன் வாடுகிறது?

பள்ளி விடுமுறை முடிந்த மறுவாரம் எங்கள் வானொலி நிலையத் தொலைபேசியில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "கேமரன் மலையில வாங்கின ரோஜாச் செடி. வரும்போது பத்துப் பூ இருந்துச்சு. இப்ப இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுது. என்ன செய்யலாம்?" நான் படித்தது ஊடகத்துறை, தோட்டக்கலை அல்ல. ஆனால் காலை நிகழ்ச்சி நடத்துபவரிடம் மக்கள் ரசப்பொடி முதல் ரோஜா வரை எல்லாம் கேட்பார்கள். பதில் தேடப்போய், என் வீட்டு வாசலில் இப்போது பதினோரு தொட்டிகள் நிற்கின்றன.

அண்மையில் கிள்ளானிலிருந்து அழைத்த ஒரு நேயரின் குரல் மனத்தைவிட்டு அகலவில்லை. அவருடைய அம்மா வேலை ஓய்வு பெற்றவர். சாமி படத்துக்கு வீட்டுப் பூ வைக்க வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. மூன்று முறை செடி வாங்கிக் கொடுத்தும் மூன்றும் பட்டுப்போயின. "எனக்குக் கைராசி இல்லப்பா, இனிமே வாங்காத" என்று அம்மா சொல்லிவிட்டாராம். அந்த அம்மாவின் கையில் ஒரு குறையும் இல்லை. வாங்கிய வகைதான் கோளாறு.

கேமரன் மலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். இரவில் போர்வை தேடுகிறோம். நம் ஊரிலோ நடுநிசியிலும் வெப்பநிலை 24 பாகையை ஒட்டியே இருக்கிறது. பகலில் இலை சேர்க்கும் சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி இரவில் செலவழிக்கும். இரவு வெப்பமாக இருந்தால் செலவு கூடும். சம்பளம் அதேதான், வீட்டு வாடகை மட்டும் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூ சிறுக்கும், இதழ் குறையும், நிறம் வெளுக்கும், மொட்டு அவிழ்ந்த மறுநாளே உதிரும்.

மலையில் நம்மை மயக்கும் அந்த நீண்ட காம்பு, கூர்மொட்டு ரோஜாக்கள் பெரும்பாலும் 'ஹைப்ரிட் டீ' வகை. இந்த வகையின் முதல் ரோஜா என்று சொல்லப்படும் 'லா பிரான்ஸ்' 1867இல் பிரான்சில் உருவானது. அதன் மூதாதையரில் ஒரு பக்கம் ஐரோப்பியக் குளிர், மறுபக்கம் சீனத்து வெயில். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீன ரோஜாக்கள் போய்ச் சேரும்வரை, ஐரோப்பாவின் பெரும்பாலான ரோஜாக்கள் ஆண்டுக்கு ஒரு பருவம்தான் பூத்தன. ஆண்டு முழுவதும் பூக்கும் குணம் சீனத்துச் சீதனம். ஆக, வெயில் ஊரில் இருக்கும் நாம் தேட வேண்டியதும் அந்தப் பக்கத்து உறவைத்தான்.

'ஓல்ட் பிளஷ்', 'மியூட்டாபிலிஸ்', 'லூயி பிலிப்' போன்ற சீன வகைகளும், பழைய 'டீ' ரோஜாக்களும் வெப்பத்துக்கு அஞ்சாதவை. கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமான 'நாக் அவுட்', கரும்புள்ளி நோயைத் தாங்கும் குணத்துக்குப் பெயர் பெற்றது. ஆனால் வாசனை இல்லை என்றே சொல்லலாம். வாசனையில்லாத ரோஜாவைச் சாமிக்கு வைக்க அந்த அம்மா சம்மதிப்பாரா என்பது வேறு விவகாரம். வாசனைதான் முக்கியம் என்பவர்கள், உள்ளூர் நர்சரிகளில் 'ரோஸ் கம்போங்' என்ற பெயரில் விற்கும் கம்பத்து ரோஜாவைக் கேளுங்கள். பூ சிறியது, கண்காட்சியில் பரிசு வாங்காது. நம் வெயிலும் மழையும் அதற்குப் பழகியவை.

நர்சரியில் பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள். அடி இலைகள் உதிராமல் இருக்கிறதா? கணுவில் புதுத் துளிர் தெரிகிறதா? "இந்தச் செடி இங்கேயே எத்தனை மாதமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். சமவெளியில் மூன்று மாதம் தாக்குப்பிடித்துத் துளிர்விட்ட சுமாரான செடி, நேற்று லாரியில் மலையிறங்கிய அழகியைவிட மேல்.

அடுத்த எதிரி மழை. கரும்புள்ளி நோயைப் பரப்பும் பூஞ்சணத்தின் வித்து முளைத்துத் தொற்ற, இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் போதும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை எப்போது வருகிறது? பெரும்பாலும் மாலை நாலு, ஐந்து மணிக்கு. நனைந்த இலை இரவு முழுக்கக் காயாது. பூஞ்சணத்துக்கு விருந்து வைத்துவிட்டு நாம் தூங்கப் போகிறோம்! அதனால் காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் விழுந்து, மாலைச் சாரல் படாத இடம் தேவை. தாமான் வீடுகளில் கிழக்கு பார்த்த போர்ச் கூரையின் ஓரம் இதற்குக் கச்சிதம். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.

தரையில் நடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் செம்மண் களிமண்ணில் குழி வெட்டி நல்ல மண்ணை நிரப்பினால், மழைநாளில் அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும். தரைக்கு மேலே ஓர் அடி மேடை கட்டி நடுவது நல்லது. தொட்டி என்றால் வாய் 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மண், மக்கிய எரு, நெல் உமிக்கரி மூன்றையும் கலந்து, விரலில் அழுத்தினால் உதிரும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். வாங்கிவந்த அன்றே நடாமல் ஒரு வாரம் அரை நிழலில் வைத்திருங்கள். பையைக் கிழிக்கும்போது வேர்க்கட்டி உடையக் கூடாது. குளிர்நாட்டுக் குறிப்புகள் ஒட்டுப்போட்ட இடத்தை மண்ணில் புதைக்கச் சொல்லும், அது உறைபனிக்காக. இங்கே ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். அதன் கீழிருந்து கிளம்பும் தண்டு வேர்ச்செடியுடையது, உடனே பிய்த்துவிடுங்கள்.

நட்ட முதல் இரண்டு மாதம் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும். இதைச் சொன்னாலே நேயர்கள் என்னைக் கொலைகாரியாகப் பார்க்கிறார்கள். பூவுக்குப் போகும் சத்து வேருக்குப் போகட்டும் என்பதே கணக்கு.

சிங்கப்பூர் அடுக்குமாடி வாசகர்களுக்குச் சிக்கல் வேறு. 'கார்டன்ஸ் பை தி பே' மலர்க்கூடத்தில் குலுங்கும் ரோஜாக்கள் குளிரூட்டிய கண்ணாடிக்குள் வாழ்பவை. அவற்றைப் பார்த்து வகை தேர்ந்தெடுக்காதீர்கள். நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால், வடக்கு பார்த்த நடைபாதைக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், தெற்கு பார்த்ததற்கு அக்டோபர் முதல் மார்ச் வரையும்தான் நேர்வெயில் கிடைக்கும். ஆண்டுக்கு இருமுறை தொட்டியை இடம் மாற்ற முடியாதவர்கள் ரோஜாவை விட்டு மல்லிகையைத் தேடினாலும் அதற்கும் வெயில் வேண்டும், சொல்லிவிட்டேன். நடைபாதையில் ஆள் போக வழி விடுங்கள். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்.

இதழைக் குல்கந்துக்கோ பன்னீருக்கோ எடுக்க நினைப்பவர்கள், கடையிலிருந்து வந்த பூக்களைத் தொட வேண்டாம். அவற்றில் பூச்சிமருந்து இருக்கலாம். உங்கள் வீட்டில், மருந்தடிக்காமல், புதிதாக விட்ட கிளையில் மலர்ந்த பூவை எடுங்கள். வெயில் ஏறுவதற்குள் பறித்தால் மணம் இருக்கும்.