மத்தியதரைக் கடல் புயலை எப்படிக் கணிக்கிறார்கள்?

2023 செப்டம்பர் 10ஆம் தேதி இரவு கழிந்து விடிவதற்குள், லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் உடைந்தன. ஆயிரக்கணக்கானோர் வீடுகளோடு சேர்த்துக் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டார்கள். அதற்குக் காரணமான ‘டேனியல்’ புயல் மத்தியதரைக் கடலில் உருவானது. டெர்னாவுக்கு மேற்கே அல் பைடா நகரில் 24 மணி நேரத்தில் 414 மி.மீ. மழையைக் கொட்டியது. இத்தகைய புயலை முன்கூட்டியே அறிய முடியுமா?

இது என்ன வகைப் புயல்?

நடுவில் கண், அதைச் சுற்றிச் சுழலும் மேகங்கள், வெப்பமான மையம் என வெப்பமண்டலப் புயலைப் போலவே தோன்றும் இவற்றை ‘மெடிகேன்’ என்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றிரண்டு உருவாகின்றன. பெரும்பாலும் செப்டம்பர் முதல் ஜனவரி வரை வரும்.

வெப்பமண்டலப் புயல் உருவாகக் கடல்நீரின் வெப்பநிலை குறைந்தது சுமார் 26.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மெடிகேன் அதைவிடக் குளிர்ந்த நீரின் மேலும் உருவாகும். வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்று வானில் சுமார் 5 கி.மீ. உயரத்தில் தனித்துத் தேங்குகிறது. கீழே கடலில் கோடையின் வெப்பம் இன்னும் மிச்சமிருக்கிறது. இந்த வேறுபாட்டால் ஈரக்காற்று வேகமாக மேலேறி இடிமேகங்களாகிறது. நீராவி குளிர்ந்து நீராகும்போது வெளிவரும் வெப்பம், குளிர்ந்த மையத்தோடு தொடங்கிய தாழ்வுநிலையை வெப்ப மையம் கொண்ட புயலாக மாற்றுகிறது.

கணினி மாதிரி என்ன செய்கிறது?

வானிலை மாதிரி வளிமண்டலத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று, வெப்பம், ஈரம், அழுத்தம் எப்படி மாறும் என்று கணக்கிடுகிறது. பிரிட்டனின் ரெடிங் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய நடுத்தரகால வானிலைக் கணிப்பு மையத்தின் உலக மாதிரியில் ஒரு கட்டத்தின் அகலம் 9 கி.மீ. மெடிகேனின் மேகச் சுழல் பெரும்பாலும் 300 கி.மீ.க்குள் அடங்கிவிடும். அதன் இடிமேகத் தூண்கள் சில கி.மீ. அகலமே கொண்டவை. அவற்றை 9 கி.மீ. கட்டத்தால் நேரடியாகப் பார்க்க இயலாது. அதனால் உலக மாதிரி தரும் நிலவரத்தை எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட வட்டாரத்தை மட்டும் 1 முதல் 3 கி.மீ. கட்டங்களில் மறுபடி கணக்கிடுகிறார்கள். பிரான்சின் ‘அரோம்’ மாதிரியின் கட்டம் 1.3 கி.மீ.

கணிப்பு எங்கே தடுமாறுகிறது?

முதல் சிக்கல், தொடக்கத் தகவல். அட்லாண்டிக்கில் புயலுக்குள் விமானம் பறந்து அளப்பது போன்ற ஏற்பாடு இங்கே வழக்கத்தில் இல்லை. செயற்கைக்கோள்களையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. அடுத்தது, மேல்வானின் குளிர்காற்று எங்கே வந்து நிற்கும் என்பது. 2018 செப்டம்பரில் கிரீஸைத் தாக்கிய ‘சோர்பாஸ்’ புயலுக்கு, சில நாள் முன்புவரை கணிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள், கனடாவின் கிழக்குக் கரைக்கு மேலே வீசிய மேல்வானக் காற்றோட்டத்தின் நிலவரத்தில் இருந்த சிறு வேறுபாடுகளைக் கண்டார்கள். அங்கே தோன்றிய சிறு பிழை, அட்லாண்டிக்கைக் கடந்து வருவதற்குள் பெருகிவிட்டது.

மூன்றாவது, மழை. ஈரக்காற்று கரையோர மலைகளில் மோதி மேலேறும் இடத்தில்தான் பெருமழை பொழியும். புயலின் பாதை 50 கி.மீ. விலகினாலே வேறோர் ஆற்றுக்கு வெள்ளம் வந்துவிடும்.

ஒன்றுக்குப் பதில் ஐம்பது

அதனால் ஒரே கணிப்பை யாரும் நம்புவதில்லை. தொடக்க நிலவரத்தைச் சற்றே மாற்றி மாற்றி, ஐரோப்பிய மையம் 50 கணிப்புகளைத் தயாரிக்கிறது. மாற்றம் செய்யாத ஒன்றும் உடன் இருக்கும். ஐம்பதில் நாற்பது ஒரே கரையைக் காட்டினால் நம்பிக்கை கூடுகிறது. பத்து மட்டும் காட்டினாலும் ஆபத்தை ஒதுக்கிவிட முடியாது. ஐந்து நாள் முன்பு, புயலுக்கு வாய்ப்பு இருக்கிறதா என்பதைச் சொல்லலாம். இரண்டு மூன்று நாள் முன்பு, எந்தக் கரைப் பகுதி என்பது ஓரளவு தெளிவாகும். எந்தப் பள்ளத்தாக்கில் எவ்வளவு மழை என்பதற்குக் கடைசி நாளின் நுண்கட்ட மாதிரி வேண்டும்.

கணிப்பு மட்டும் போதுமா?

போதாது. டேனியல் வருவதற்கு 72 மணி நேரம் முன்பே லிபியாவின் தேசிய வானிலை மையம் எச்சரித்திருந்தது. பழைய அணைகள் தாங்குமா என்பதைப் பற்றி அந்த எச்சரிக்கையில் எதுவும் இல்லை என்று உலக வானிலை அமைப்பு பின்னர் சுட்டிக்காட்டியது. புவி சூடேறும்போது மெடிகேன்களின் எண்ணிக்கை குறையலாம், வலு கூடலாம் என்று ஆய்வுகள் கூறுகின்றன. எனவே மாதிரியின் கட்டத்தைச் சிறிதாக்குவது எவ்வளவு அவசியமோ, அதன் விடையை அணைக் காவலருக்கும் ஆற்றங்கரை வீட்டாருக்கும் புரியும் கட்டளையாக மாற்றுவதும் அவ்வளவு அவசியம். எத்தனை மி.மீ. மழை பெய்யும் என்பதோடு, எந்தத் தெருவில் இருப்பவர்கள் எப்போது வெளியேற வேண்டும் என்பதையும் அரசுகள் சொல்லியாக வேண்டும்.