கோழிக்கும் ஒரு கோட்டை வேண்டும்!

பழவேற்காட்டில் ஒரு கோட்டை இருந்தது. டச்சுக்காரர்கள் 1613-ம் ஆண்டில் கட்டிய கோட்டை. 'கெல்டிரியா' என்று அதற்குப் பெயர். சுற்றிலும் அகழி வெட்டியிருந்தார்கள்.

இன்று அந்தக் கோட்டை இல்லை. மண் மேடும் முள் செடியும்தான் மிச்சம். பக்கத்தில் உள்ள மீனவர் ஊரின் பெயரில் மட்டும் கோட்டை இருக்கிறது. அந்த ஊர்தான் கோட்டைக்குப்பம்.

இந்தக் குப்பத்துக்கு இப்போதும் ஒரு கோட்டை தேவைப்படுகிறது. மனிதருக்கு அல்ல, அடை உட்கார்ந்த கோழிக்கு!

கோழிக்குக் கோட்டையா என்று சிரிக்க வேண்டாம். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை வைத்து வலை விடுவார்கள். முறை வராத நாளில் வருமானம் இல்லை. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் படகு கடலுக்குப் போவது கஷ்டம். புயல் கூண்டு ஏற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த நாட்களில் வீட்டுப் பெண்ணுக்குக் கைகொடுப்பது முற்றத்தில் மேயும் கோழிதான். புருஷனைக் கேட்காமல் விற்கலாம். அந்தக் காசில் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கலாம்.

ஆனால், "பத்துக் குஞ்சு பொரித்தது, மாதம் முடிவதற்குள் மூன்றுதான் மிஞ்சியது" என்ற பேச்சைக் கேட்காத ஊர் உண்டா? தாய்க்கோழி 21 நாள் பட்டினியும் பசியுமாகக் கிடந்து பெற்ற செல்வம், மூன்றே வாரத்தில் காக்கைக்கும் கீரிக்கும் போய்விடுகிறது. அரசாங்கம் ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுத்த திட்டங்களில், 4 வாரம் வளர்ந்த குஞ்சாகப் பார்த்துக் கொடுத்தார்கள். காரணம் இதுதான். கண்டம் எல்லாம் முதல் மாதத்திலேயே இருக்கிறது.

அடைக் கோழி

முட்டையிட்டு வந்த கோழி ஒரு நாள் முட்டையை நிறுத்தும். கூடையை விட்டு எழுந்திருக்காது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். குரலும் மாறிவிடும். 'கொக்... கொக்...' என்று அடித்தொண்டையில் பேசும். அதுதான் அடைக் கோழி.

உடம்பில் ஊறும் 'புரோலாக்டின்' என்ற சுரப்பு நீர் இப்படிச் செய்கிறது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கச் செய்வதும் இதே நீர்தான்! கோழிக்குப் பால் இல்லை. அது தன் உடம்புச் சூட்டைக் கொடுக்கிறது.

நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் நிற்கும் வெள்ளைக் கோழிக்கு இந்த ஆசை வருவதில்லை. அடை உட்கார்ந்த கோழி முட்டை போடாது அல்லவா? அதனால், அடை உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்துவிட்டார்கள். கடையில் வாங்கிய வெள்ளை முட்டையை நாட்டுக்கோழியிடம் அடை வைத்தாலும் பலன் இல்லை. அது சேவல் சேராத முட்டை. கூமுட்டைதான் ஆகும்.

வீட்டு முட்டையிலும் ஒரு வாரத்துக்கு உட்பட்டதாகப் பார்த்து வைக்கவேண்டும். தண்ணீரில் கழுவக்கூடாது. சின்னக் கோழிக்கு 10 முட்டை போதும். பெரிய கோழி 12, 13 வரை தாங்கும். பேராசைப்பட்டு அதிகம் வைத்தால், இறகுக்கு வெளியே நிற்கும் முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்துபோகும்.

கூடையும் அகழியும்

பழவேற்காடு பனையோலைப் பின்னலுக்குப் பேர்போன ஊர். அகலமான ஓலைக் கூடை ஒன்று போதும். அடியில் காய்ந்த மணல். ஏரிக்கரை மணல் வேண்டாம். அதில் உப்பு ஈரம் நிற்கும். மணலுக்கு மேல் வைக்கோல் அல்லது காய்ந்த புல். கோழிப்பேன் அண்டாமல் இருக்கக் கொஞ்சம் வேப்பிலை.

கூடையை இருட்டான மூலையில் வைக்கவேண்டும். நாயும் பிள்ளைகளும் ஓடியாடும் இடம் ஆகாது. மற்றக் கோழிகள் அந்தக் கூடையில் ஏறி முட்டையிடவும் விடக்கூடாது.

இன்னொரு எதிரி எறும்பு. முட்டை கீறும் நேரத்தில் அந்த ஈர வாடைக்கு எறும்பு திரண்டு வரும். வெளியே வர முடியாமல் இருக்கும் குஞ்சை உயிரோடு கடித்துக் கொன்றுவிடும். கூடையை ஒரு சின்னப் பலகை மேல் வைத்து, பலகையின் நான்கு காலையும் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் நிறுத்திவிட்டால் எறும்பு ஏறாது. டச்சுக்காரன் வெட்டிய அகழியும் இதுவும் ஒரே யோசனைதான்!

அடை வைக்கும்போது கூடையில் ஒரு இரும்புத் துண்டு, அடுப்புக் கரி, காய்ந்த மிளகாய் போடுவது தமிழ்நாட்டு வழக்கம். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று பயம். உண்மையில் கெடுப்பது இடிச் சத்தம் அல்ல. இடியோடு மழை வருகிறது. கூடை நனைகிறது. கோழி மிரண்டு எழுந்து ஓடுகிறது. முட்டை குளிர்ந்துவிடுகிறது. இரும்பு போடுகிறவர்கள் போடட்டும். மேலே ஒழுகாத கூரையும் போடட்டும்!

21 நாள்

முட்டைக்கு வேண்டிய சூடு ஏறக்குறைய 100 டிகிரி பாரன்ஹீட். எகிப்து நாட்டில் பழங்காலத்திலேயே மண் அறைகளில் நெருப்பு மூட்டி ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தார்கள். சூடு சரியா என்று தெரிந்துகொள்ள, முட்டையை எடுத்துக் கண் இமையில் ஒற்றிப் பார்ப்பார்களாம். கோழிக்கு அந்தக் கவலை இல்லை. வயிற்றுப் பக்கத்து இறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டையில் படுகிறது. சூடு தானாகத் தெரிகிறது. பகலிலும் இரவிலும் பல தடவை முட்டைகளைப் புரட்டியும் விடுகிறது.

நாளுக்கு ஒரு தடவை கோழி எழுந்திருக்கும். இரை தின்று, தண்ணீர் குடித்து, மணலில் புரண்டுவிட்டுத் திரும்பும். இரையும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

7-ம் நாள் இரவில் டார்ச் விளக்கு வைத்து முட்டையைப் பார்க்கலாம். உள்ளே சிவப்பு நரம்பு சிலந்தி வலை போல் ஓடினால் உயிர் இருக்கிறது. ஒன்றும் இல்லாமல் வெறுமையாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம்.

ஓட்டுக்குள் இருக்கும்போதே குஞ்சு 'கீச், கீச்' என்று கத்தும். தாய் பதில் கொடுக்கும்! ஓட்டில் கீறல் விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். பாவம் என்று ஓட்டை உரித்துவிடக் கூடாது. இரத்தம் கசிந்து குஞ்சு செத்துப்போகும்.

பொரித்த குஞ்சுக்கு இரண்டு நாள் வரை தீனி இல்லாவிட்டாலும் உயிருக்கு மோசம் இல்லை. மஞ்சள் கருவின் மிச்சம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. ஆனால் சூடு இல்லாவிட்டால் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் சக்தி அதற்கு இன்னும் வரவில்லை.

உப்பு என்னும் விஷம்

கடலோரக் குப்பத்துக்கு என்றே ஒரு ஆபத்து இருக்கிறது. காக்கையைவிடப் பெரியது. பலரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. அதுதான் உப்பு.

பெரிய கோழி கருவாட்டுத் துண்டைக் கொத்தித் தின்றுவிட்டுப் போகும். குஞ்சுக்கு அது விஷம். அதன் சின்னச் சிறுநீரகத்தால் உப்பை வெளியே தள்ள முடியாது. தாகம் எடுக்கும். மேலும் மேலும் தண்ணீர் குடிக்கும். வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். தள்ளாடி விழுந்து சாகும். 'என்ன சீக்கோ' என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள்.

ஆகவே கருவாடு காயும் இடத்தில் குஞ்சை விடக்கூடாது. மீன் கழுவிய தண்ணீர், உப்புப் போட்ட சோறு, ஊறுகாய் எதுவும் ஆகாது. உவர்ப்புக் கிணற்றுத் தண்ணீரையும் வைக்கக்கூடாது. நாம் குடிக்கும் தண்ணீர் எதுவோ அதுதான் குஞ்சுக்கும். குடம் சுமந்து கொண்டுவந்த தண்ணீர்தான். என்றாலும் குஞ்சுகள் குடிக்க ஒரு கொட்டாங்குச்சி போதுமே! அதில் இரண்டு கூழாங்கல்லைப் போட்டு வைத்தால் குஞ்சு விழுந்து மூழ்காது.

முதல் இரண்டு நாளுக்கு நொய் போதும். பிறகு புரதம் வேண்டும். சின்ன இறாலை உப்பில்லாமல் வேகவைத்து நசுக்கிக் கொடுக்கலாம். பழைய பானையில் ஈரச் சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, சாயங்காலம் மண்ணில் கவிழ்த்து வைத்தால் காலையில் கறையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அது விருந்து.

மேலே பருந்து, கீழே கீரி

மீன் வந்து இறங்கும் இடத்தில் பருந்தும் காக்கையும் வட்டமிடாமல் இருக்குமா? செம்பருந்தைக் கருடன் என்று கும்பிடுகிறோம். கல்லெடுத்து அடிக்க மனம் வராது. அடிக்கவும் வேண்டியதில்லை, வலை கட்டினால் போதும். கிழிந்த வலை இல்லாத வீடு குப்பத்தில் ஏது? நான்கு கம்பு நட்டு, தலைக்கு மேலே வலையை இழுத்துக் கட்டிவிட்டால் ஆகாயப் பயம் விட்டது. ஆனால் தளரவிடக் கூடாது. தொங்கும் நைலான் நூலில் குஞ்சின் கால் மாட்டிக்கொள்ளும்.

தாய்க்கோழியும் சும்மா இருக்காது. வானத்தில் பருந்தைக் கண்டால் ஒரு குரல். தரையில் நாயைக் கண்டால் வேறு குரல். முதல் குரல் கேட்டதும் குஞ்சுகள் ஓடி ஒளிந்துகொள்ளும்.

ஆனால் இரவில் தாயால் ஒன்றும் செய்ய முடியாது. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. குஞ்சு பறக்காது, அதனால் தாயும் தரையிலேயே படுக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கீரி, பூனை, பெருச்சாளி, பாம்பு எல்லாம் வருகின்றன. பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல்லை வைத்தால் பூனைக்கு மட்டும்தான் தடை. குப்பத்துத் தரையோ மணல். பெருச்சாளி அடியில் தோண்டிக்கொண்டு வந்துவிடும்.

ஆகையால் ராத்திரிக்கு ஒரு பெட்டி வேண்டும். பழைய மரப்பலகையில் செய்யலாம். அடிப்பலகை கட்டாயம் இருக்கவேண்டும். தரையை விட்டு இரண்டு அடி உயரத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீழே தண்ணீர் ஓடினாலும் பயம் இல்லை. காற்றுப் போக ஒரு பக்கம் கம்பி வலை அடிக்கவேண்டும். வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் பாம்பு நுழையும். வாடைக்காற்று வீசும் பக்கம் அடைப்பாக இருக்கட்டும். பொழுது சாய்வதற்கு முன்பே எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தவேண்டும். எண்ணுவது முக்கியம். ஒரு குஞ்சு வெளியே நின்று கத்தினால் தாயும் தூங்காது. கீரிக்கும் அழைப்பு வைத்ததாகும்.

கோட்டைக்குள் வரும் நோய்

எத்தனை வலை கட்டினாலும் தடுக்க முடியாதது வெள்ளைக் கழிச்சல். இமயமலைப் பக்கத்து ராணிக்கேட் என்ற ஊரில் 1920-களில் கண்டுபிடிக்கப்பட்டதால் 'ராணிக்கேட் நோய்' என்றும் பெயர். ஒரு வீட்டில் வந்தால் தெருவையே காலி செய்துவிடும். வந்த பிறகு மருந்து இல்லை. வருமுன் தடுப்பு உண்டு. குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு மருந்து. 8 வாரம் ஆனதும் ஊசி. கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். பிப்ரவரி மாதத்தில் ஊர் ஊராக இலவச முகாம் நடத்துவதும் வழக்கம். சந்தையில் வாங்கிவந்த புதுக் கோழியை அன்றைக்கே குஞ்சுகளோடு சேர்த்து அடைக்கக் கூடாது. நோய் அந்த வழியாகத்தான் பெரும்பாலும் உள்ளே வருகிறது.

இத்தனையும் தாண்டி ஆறு, ஏழு வாரம் ஆகிவிட்டால் குஞ்சுக்கு இறகு முளைத்துவிடும். அதுவரை இறக்கைக்குள் வைத்துக் காத்த தாய், ஒரு நாள் காலையில் கிட்டே வந்த குஞ்சை 'நறுக்' என்று கொத்தித் துரத்தும். வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்து அழும். பெண்கள் அழுவதில்லை. கூடையில் புது வைக்கோல் போட்டு வைப்பார்கள். கோழி மறுபடியும் முட்டையிடத் தயாராகிவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும்.