நூறு நாள் வேலைக்கும் உண்டு நெகிழ்வு நேரம்

'ஃபிளெக்ஸி டைம்' என்றால் சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் லேப்டாப்பும் கையுமாக இருப்பவர்கள் சமாச்சாரம் என்றுதான் தேனி மாவட்டத்து வருசநாட்டில் நினைப்பார்கள். ஆனால், வேலை நேரம் வளைந்து கொடுக்கலாம் என்று இந்தியச் சட்டம் பளிச்சென்று எழுதிவைத்தது மண்வெட்டி பிடிப்பவர்களுக்குத்தான். 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பிற்பாடு செய்த திருத்தத்தில் இது இடம்பெற்றது. ஒரு மணி நேர ஓய்வையும் சேர்த்து எட்டு மணி நேரம் பார்த்தால் முழுக் கூலி. வேலை நாள் நெகிழ்வாக இருக்கலாம். தொடக்கத்திலிருந்து முடிவு வரை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது அது.

அதாவது, சித்திரை வெயிலில் காலை ஆறு மணிக்கே கண்மாய்க்குள் இறங்கி, பத்து மணிக்குக் கரையேறி, வெயில் தாழ்ந்ததும் திரும்பி வந்து மிச்சத்தை முடிக்கலாம். ஆடு மாடு வைத்திருக்கும் வீட்டில் பெண்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு ஏது? தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்தான்.

நடந்தது வேறு. 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத் தளங்களிலும் செல்போன் செயலி மூலம் வருகைப் பதிவு கட்டாயமானது. நாளுக்கு இரண்டு முறை, இருக்கும் இடத்தின் குறியீட்டோடு ஆட்களைப் படம் எடுக்க வேண்டும். கொடுத்த அளவை வெயிலுக்கு முன்பே வெட்டி முடித்தவர்களும் இரண்டாவது படத்துக்காக மரத்தடியில் காத்துக்கிடந்தார்கள். போலி வருகையைத் தடுக்க வந்த ஏற்பாடுதான், தடுக்க வேண்டியதும்தான். ஆனாலும் சட்டம் அவிழ்த்துவிட்ட நேரத்தைச் செயலி திரும்பக் கட்டிப்போட்டது.

இதே நெகிழ்வு என்ற பெயரில் இன்னொன்றும் வந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்துக்குத் தமிழ்நாட்டு சட்டப்பேரவை ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. புதிதாகச் சேர்த்த 65ஏ பிரிவின்படி, தினசரி நேர வரம்பு, வார விடுமுறை, இடைவேளை, கூடுதல் நேர ஊதியம் பற்றிய விதிகளிலிருந்து ஆலைகளுக்கு அரசு விலக்கு கொடுக்கலாம். விரும்புகிறவர்கள் நாலு நாளில் 48 மணி நேரத்தை முடித்துவிட்டு மூன்று நாள் வீட்டில் இருக்கலாமே என்றது அரசு. விரும்பாதவர் நூற்பாலையில் போய் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல முடியுமா என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றாம் நாள் திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

தொழிற்சங்கங்கள் கேட்ட அந்தக் கேள்விதான் முக்கியம். நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமை வேலை செய்பவரிடம் இருந்தால் அது வசதி. முதலாளியிடம் மட்டும் இருந்தால், வேலை இருக்கும்போது கூப்பிடுவார்கள், இல்லாதபோது வீட்டில் இருக்கச் சொல்வார்கள். கம்பம், போடி பக்கத்திலிருந்து விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகிற பெண்களைக் கேட்டால் தெரியும். ஏலக்காய் எடுப்பு நடக்கிற மாதங்களில் ஆளுக்குத் தட்டுப்பாடு, எடுப்பு ஓய்ந்தால் ஜீப் வராது. இந்த வகை நெகிழ்வை எந்த மனிதவள அதிகாரியும் இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டிலிருந்தே வேலை என்பதும் தேனி மாவட்டத்துக்குக் கொரோனா கொண்டுவந்த புதுமை அல்ல. ஆண்டிபட்டி பக்கத்துச் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. எப்போது உட்காருவது, எப்போது எழுவது என்பது நெசவாளர் விருப்பம்; ஆனால் சேலைக்கு இவ்வளவு என்ற கூலிக் கணக்கு அவரை இரவிலும் எழவிடாது. இப்படி வீட்டில் வேலை செய்பவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

மாதச் சம்பளக்காரர்களுக்கு என்ன இருக்கிறது? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே நேர மாற்றம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். இரண்டு மாதத்துக்குள் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் அப்படிப் பொதுவான உரிமை கிடையாது. 2017-இல் திருத்திய மகப்பேறு பலன் சட்டம், பேறுகால விடுப்பு முடிந்தபின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றது. நிர்வாகம் ஒப்புக்கொள்ளாவிட்டால் அவ்வளவுதான். கூடுதல் நேரம் வேலை வாங்கத் தொழிலாளியின் சம்மதமும் இரட்டிப்புக் கூலியும் வேண்டும் என்கின்றன 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். சங்கம் இல்லாத ஆலையில் அந்தச் சம்மதத்தை எப்படிக் கேட்பார்கள் என்பது ஊர் அறிந்ததே.

நூறு நாள் வேலைக்கே திரும்புவோம். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நாள்கள் 125. ஆனால் விதைப்பு, அறுப்புக் காலங்களில் மொத்தம் 60 நாள் இந்த வேலை கிடையாது. தோட்டம் காடுகளுக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம். அந்த 60 நாள் எது என்பதை மாநில அரசுதான் அறிவிக்கும். முல்லைப் பெரியாறு தண்ணீரில் இரு போகம் நடுகிற கம்பம் பள்ளத்தாக்குக்கும், மழையைப் பார்த்து விதைக்கிற வருசநாட்டு மானாவாரிக் காட்டுக்கும் ஒரே தேதி ஒத்துவராது. பகுதிக்குப் பகுதி வேறு தேதி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கிராம சபையில் கேட்டு வைப்பார்களா, சென்னையில் உட்கார்ந்து குறிப்பார்களா என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.