இஎம்ஐ உங்களுது, லீவர் அப்பா கையில: மினி டிராக்டருக்கு 4 வீல் டிரைவ் தேவையா?



வேலை சரவணம்பட்டியில. பொள்ளாச்சி பக்கம் 4 ஏக்கர் தென்னந்தோப்பு. "ஆளே கிடைக்கறதில்ல சாமி, ஒரு மினி டிராக்டர் எடுத்துப் போட்டரலாம்"ங்கறார் அப்பா. ஷோரூம்ல "4 வீல் டிரைவே எடுத்துக்கங்க சார்"னு சொல்றாங்க. மாசாமாசம் இஎம்ஐ போகப்போறது உங்க சம்பளத்துல. அதனால, அந்த 4 வீல் எதுக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்குவோம்.

கூடுதல் காசுக்கு என்ன கிடைக்குது?

டூ வீல்ல இன்ஜின் பின் சக்கரத்தை மட்டும்தான் சுத்தும். 4 வீல்ல முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மினி டிராக்டருக்கு எடை கம்மி. சேத்துல பின் டயர் சும்மா சுத்தினா டீசலும் நேரமும் வீண். கோபி பக்கம் நெல் வயல் சேத்துழவு, மழை பெஞ்ச கரிசல் காடு, மேடு பள்ளமான தோட்டம்னா 4 வீல் காசுக்குத் தகுந்த வேலை செய்யும். காய்ஞ்ச செம்மண்ணுல லேசான வேலை மட்டும்னா, பெரும்பாலும் டூ வீலே போதும்.

ஒரு பேச்சுக்கு 4 வீலுக்கு 1 லட்சம் கூடுதல்னு வெச்சுக்கலாம். 10% வட்டி, 5 வருஷக் கடன்னா, அந்த 1 லட்சத்துக்கு மட்டும் இஎம்ஐ சுமார் 2,125 ரூபாய், மொத்தம் 1,27,500. வருஷத்துக்கு 40 நாள் 4 வீல் தேவைப்பட்டா, ஒரு நாளைக்குச் சுமார் 640 ரூபாய். வெறும் 5 நாள்தான்னா 5,100 ரூபாய்!

லீவர்தான் உங்க ரிப்பேர் பில்

4 வீல் போட்டா, முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட ஒரு துளி வேகமா இழுக்கற மாதிரி கியர் அமைச்சிருப்பாங்க. மண்ணுல டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கும். தார் ரோட்டுல வழுக்க வழியில்ல. அந்த இழுபறி முழுக்க டயர் மேலயும் முன் அச்சு கியர் மேலயும் விழும். அதனால:

• காட்டை விட்டு ரோட்டுக்கு ஏறினதும் 4 வீலை எடுத்துடணும்.
• போடறப்பவும் எடுக்கறப்பவும் வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுசா மிதிச்சு லீவரை மாத்தணும். மாட்டிக்கிட்டா முறுக்கக் கூடாது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தா விடுபடும்.
• பல மினி டிராக்டர்கள்ல பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். பாரத்தோட மண் சரிவுல இறங்கறப்ப 4 வீல்ல இருந்தா, முன் சக்கரமும் வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். இது காசு விஷயமில்ல, உயிர் விஷயம்.
• கம்பெனி சொன்ன சைஸ் டயரே போடணும். மலிவா கிடைக்குதுன்னு ஒரு ஜோடியை மட்டும் வேற சைஸ்ல மாத்தினா, முன்பின் கணக்கு தப்பி கியர் தேயும்.

கையெழுத்துக்கு முன்னாடி

குபோட்டா நியோஸ்டார் பி2441 மாதிரி சில மாடல் 4 வீல்லதான் வரும். மஹிந்திரா ஜிவோ 225 டிஐ ரெண்டுலயும் கிடைக்கும். அப்படிப்பட்ட மாடலுக்கு ரெண்டு கொட்டேஷனும் வாங்கிப் பாருங்க. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் ஜிஎஸ்டி 12%லிருந்து 5% ஆகியிருக்கு. பில்லுல அது தெரியுதான்னு பாருங்க. மானியம் கிடைக்குமான்னு வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே வேளாண்மைப் பொறியியல் துறை ஆபீஸ்ல கேட்டுடுங்க.

அவசரமே இல்லைன்னா, ஒரு சீசன் வாடகைக்கு ஓட்டிப் பாருங்க. அந்தத் துறையோட டிராக்டரை உழவன் செயலியிலயே புக் பண்ணலாம்.

இந்த வாரம் ஊருக்குப் போனா அப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன வருஷம் வாடகை வண்டி எத்தனை நாள் சேத்துல மாட்டுச்சுங்கப்பா?" அவர் சொல்ற எண்ணிக்கையை மேல இருக்கற கணக்குல போடுங்க. டூ வீலா 4 வீலாங்கறதுக்கு விடை அதுலயே இருக்கு.