காப்புரிமை முகவர் தேர்வு: பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கும். தறியில் உழைப்பவர் நாளை உருவாக்கும் கருவியைக் காக்காது. கோர்வை நெசவுக்குக் காப்புரிமை கிடையாது. மரபறிவுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. ஆனால், அவ்வேலையை எளிதாக்கும் புதிய கருவிக்குக் கிடைக்கக்கூடும். தெலங்கானாவின் சிந்தகிண்டி மல்லேசம், தாயின் வலியைத் தணிக்க உருவாக்கிய ஆசு எந்திரம் காப்புரிமை பெற்றது. இத்தகைய கண்டுபிடிப்பைச் சட்ட மொழியில் எழுதித் தருபவரே காப்புரிமை முகவர். எதற்கு உரிமை கோருவது என்பதை எழுதும் இடத்தில் ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளும் அமர வேண்டும்.

அதற்கான தேர்வுக்குப் பயிற்சி தேடுவோர் முதலில் தகுதியைச் சரிபார்க்க வேண்டும். இந்தியக் குடிமகனாக, 21 வயது நிறைந்தவராக, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் பெற்றவராக இருத்தல் வேண்டும் என்கிறது 126ஆம் பிரிவு. இதைச் சொல்லாமல் கட்டணம் வாங்கும் பயிற்சி மையத்தை நம்ப வேண்டாம்.

தேர்வு மூன்று பகுதிகள் கொண்டது. சட்டமும் விதிகளும் 100 மதிப்பெண். விவரக்குறிப்பு வரைதலும் பொருள்கொள்ளுதலும் 100. நேர்முகத் தேர்வு 50. எழுத்துத் தாள் ஒவ்வொன்றிலும் 50, மொத்தத்தில் 60 விழுக்காடு, அதாவது 250க்கு 150 தேவை. தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதுமில்லை. எனவே, கடன் வாங்கிப் பணம் கட்டும் குடும்பத்திற்குத் தவறான தேர்வின் விலை அதிகம்.

முதல் தாளுக்குப் பெரும் செலவு தேவையில்லை. சட்டம், விதிகள், அலுவலக நடைமுறைக் கையேடு, பழைய வினாத்தாள்கள் ஆகியவை காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாம் தாள் அப்படியன்று. உரிமைக்கோரலை எழுதுவது படித்து வருவதன்று. எழுதி, திருத்தப்பட்டு, மீண்டும் எழுதி வருவது. பணம் கொடுப்பதானால் அதற்கே கொடுங்கள்.

சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை வரைவுகளைத் திருத்தித் தருவார்கள்? திருத்துபவர் பதிவுபெற்ற முகவரா? பாடக்குறிப்புகளில் 2024 விதித்திருத்தங்கள் உள்ளனவா? பரிசோதனைக் கோரிக்கைக்கான காலம் 48 மாதங்களிலிருந்து 31 மாதங்களாகக் குறைந்தது அத்திருத்தத்தில்தான். பழைய கெடுவையே கற்பிக்கும் மையம் உங்கள் மதிப்பெண்ணைப் பறிக்கும். தேர்ச்சி உறுதி என்ற விளம்பரம் இக்கேள்விகள் எதற்கும் பதிலாகாது.

தனியாகக் கட்ட இயலாதோர் நான்கைந்து பேராகச் சேர்ந்து முதல் தாளைப் படிக்கலாம். வரைவுத் திருத்தத்திற்கு மட்டும் ஒரு முகவரை அணுகலாம். தாட்கோவிடமும் கல்லூரி நிர்வாகத்திடமும் இத்தேர்வுக்கான உதவியை எழுத்து மூலம் கேளுங்கள். சலுகையாக அன்று, உரிமையாகக் கேளுங்கள்.