கணினி கணக்குச் சரிபார்க்கும் நேரம்

ஐப்பசி மாதத்து மாலைப்பொழுது. ஹட்டன் நகரத்தின் மேல் இடி முழங்கி, மின்சாரம் போய், அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தது. நான் பணிபுரிந்த நிலையத்தில் ஓர் அம்மா காத்திருந்தார். 1983 வன்செயலுக்குப் பின் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போன குடும்பம் அவருடையது. 2009இல் மகனைத் தொலைத்துவிட்டு, உறவினரின் லயத்துக்குத் திரும்பியவர். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுப்பதற்காக அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த கடிதங்களும், மகனுடைய ஒரே புகைப்படத்தின் பிரதியும் எங்கள் கணினியில் இருந்தன. அவர் கையிலிருந்த மூலப்படத்தில் மலைநாட்டு ஈரம் பூஞ்சணமாகப் படர்ந்து, முகமே தெரியாமல் போயிருந்தது.

கணினியைப் போட்டேன். வழமையான படம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. வன்தட்டைச் சோதிப்பதாக ஆங்கிலத்தில் அறிவித்து, நூற்றுக்கு எத்தனை வீதம் முடிந்தது என்று எண்ணிக்கொண்டே போனது. "மிஸ், கடைசி பஸ் போயிரும்" என்றார் அம்மா. நானும் பொறுமையிழந்து, பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை நிறுத்திவிட்டேன். மறுநாள் அது இயங்கவே இல்லை.

அந்தப் பிழையிலிருந்து நான் கற்றதைச் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

அது என்ன சோதனை?

கொழுந்து மடுவத்தை நினைத்துப் பாருங்கள். கணக்கப்பிள்ளை கொழுந்தை நிறுத்து, யாருக்கு எத்தனை கிலோ என்று பதிகிறார். பாதி எழுதும்போது பெருமழை கொட்டி, எல்லோரும் ஓடிவிட்டால் ஏடு அரைகுறையாக நிற்கும். மறுநாள் நிறுவை தொடங்கும் முன் ஏட்டைச் சரிபார்க்கத்தானே வேண்டும்?

கணினியிலும் இதுவே நடக்கிறது. எந்தக் கோப்பு வன்தட்டில் எங்கே இருக்கிறது என்று பதிந்து வைக்கும் ஏடுதான் கோப்பு முறைமை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தப் பதிவு குழம்பலாம். விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமை, தான் ஒழுங்காக மூடப்படவில்லை என்பதை ஓர் அடையாளத்தால் அறிந்து, அடுத்த முறை தொடங்கும்போது ஏட்டைச் சரிபார்க்கிறது. முழுமையாக இயங்கத் தொடங்கிய பின் அந்த ஏடு ஓயாமல் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் தொடக்கத்திலேயே இந்த வேலை.

ஒன்றை மறவாதீர்கள். இச்சோதனை ஏட்டைத்தான் திருத்தும். தொலைந்த கொழுந்தை அது கொண்டுவராது.

திரையில் எழுத்து ஓடினால்

சில விநாடிகளுக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தினால் சோதனையைத் தவிர்க்கலாம் என்று திரை சொல்லும். மின்தடைக்குப் பின் வந்த சோதனையென்றால் அழுத்தாமல் விட்டுவிடுங்கள். பெரிய வன்தட்டாக இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் எடுக்கலாம். எண் ஒரே இடத்தில் நின்றாலும் பதற்றப்பட வேண்டாம். இடையில் மின்சாரத்தை நிறுத்துவதுதான் பெரும் ஆபத்து.

மின்தடை எதுவும் இல்லாமலே நாளாந்தம் இச்சோதனை வந்தால் அது எச்சரிக்கை. ஒழுங்காக மூடாமல் சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பது காரணமாக இருக்கலாம், வன்தட்டின் கம்பி தளர்ந்திருக்கலாம், வன்தட்டே பழுதாகிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அந்த விசையை அழுத்திச் சோதனையைத் தவிர்த்து, முதலில் முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் பிரதி எடுங்கள். அதன் பின்னரே சோதனையும் திருத்தமும். வன்தட்டிலிருந்து "டிக் டிக்" என்று சத்தம் கேட்டால் எதையும் முயலாமல் கணினியை நிறுத்தி, விடயம் அறிந்தவரிடம் கொடுங்கள்.

சோதனை முடிந்தபின் சில கோப்புகள் பெயரிழந்து, வெறும் எண்களுடன் "ஃபவுண்ட்" என்று தொடங்கும் மறைந்த கோப்புறைக்குள் கிடக்கலாம். குப்பையென்று அழித்துவிடாதீர்கள். ஏட்டில் இடம் தவறிய உங்கள் கடிதமாகவும் அது இருக்கலாம்.

வருமுன் காப்போம்

காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் நீரால் மின்சாரம் பிறப்பது நம் பக்கத்தில்தான். ஆனாலும் இடி மின்னலுக்கு விளக்கு அணைவது நமக்குப் பழகிய விடயம். 2022 நெருக்கடியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும் கண்டோம். ஆகவே இவற்றைப் பழக்கமாக்கிக்கொள்வோம்:

- இடி தொடங்கினால் கணினியை ஒழுங்காக மூடி, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.
- யூ.பி.எஸ். இருந்தால், அது தரும் சில நிமிடங்கள் கணினியை மூடுவதற்கே. தொடர்ந்து வேலை செய்வதற்கல்ல.
- பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, முறைப்பாட்டுக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை இரண்டு பென்டிரைவுகளில் வையுங்கள். ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். கடதாசிப் பிரதியும் ஒன்று வேண்டும்.
- திருத்தக் கொடுக்கும்போது கூடவே ஒருவர் இருங்கள். நம் பெண்கள் நம்பிச் சொன்னவை அதற்குள் இருக்கின்றன. பழுதான பழைய வன்தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா

கணினி திருத்தும் தம்பி ஒருவர் எங்கள் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தார். வாசிக்க முடிந்ததையெல்லாம் முதலில் பிரதி எடுத்தார். பிறகே சோதனையை ஓடவிட்டார். நான் பக்கத்திலேயே அமர்ந்திருந்தேன். மாலையானபோது, எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு கோப்பைத் திறந்தார். பதினெட்டு வயதுப் பையன் சிரித்துக்கொண்டு நின்றான்.

கடிதங்களில் இரண்டு மட்டும் கிடைக்கவேயில்லை. படத்தை அச்சிட்டு லயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இழந்த கடிதங்களைப் பற்றியும் சொன்னேன். அம்மா என்னைக் கோபிக்கவில்லை. வாசலில் அமர்ந்து, மகன் காணாமற்போன நாளிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினார்.

ஒரு தாய் அதை இன்னொரு முறை சொல்ல நேர்ந்தது என் அவசரத்தால்தான். கறுப்புத் திரையில் எழுத்து ஓடும்போது, கடைசி பஸ் போனாலும் போகட்டும் என்று இப்போது காத்திருக்கிறேன்.